வலது ஷூவின் முன்பக்கம்

ஜனவரி 4

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

இதோடு நம் ஷூ கடையிலிருந்து மலைப்பாதை ஷூ ஒரு ஜோடியும் தலையில் கட்டும் விளக்கு ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். அக்டோபர் ஐம்பது கிலோமீட்டர் போட்டிக்கு இந்த ஷூதான் உனக்குச் சரி. அடியில் பற்கள் ஆழமானவை, ஈரப்பாறையிலும் பிடிக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் அரை விரல் இடம் இருக்கிறதா பார். லேஸைக் கடைசித் துளை வரை ஏற்றிக் கட்டு, இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்து உதிரும். அப்புறம் 'அண்ணா, உன் ஷூ சரியில்லை' என்று என் தலையை உருட்டாதே.

பழைய விதியை மறக்காதே. தேய்ந்த ஷூவை என் கண்ணில் காட்டாமல் தூக்கிப் போடக்கூடாது. உன் கடிதம் நூறு பொய் சொல்லும், உன் ஷூவின் அடிப்பாகம் ஒரு பொய்கூடச் சொல்லாது. பத்து வருடமாக உன்னை நான் அதில்தான் படிக்கிறேன்.

போனில் ஏன் பேசுவதில்லை என்று அண்ணி கேட்கிறாள். போனில் மூன்றாவது நிமிடமே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் கோபம் வர நேரம் பிடிக்கும் என்றேன். சிரிக்கிறாள்.

வேலை இடத்தில் யாரோடும் முட்டிக்கொள்ளாதே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கோபம் வந்தால் ஓடு, அதற்காகத்தான் பதினைந்து வயதில் உன்னை ஓட்டத்தில் இறக்கிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்,
அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்காலும் நலம், உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது. அண்ணியின் தலைவலி எப்படி?

ஷூ கச்சிதம். போட்டுக்கொண்டு முதல் நாளே பதினாறு கிலோமீட்டர். பால் பண்ணையின் குளிர் அறையில் எட்டு மணி நேரம் பெட்டி அடுக்கிவிட்டு வருகிறவனுக்கு, காலையில் வியர்ப்பதே ஒரு சுகம். கூட ஓடுவது ஒரு கணக்கு வாத்தியார். ஐம்பது வயது. ஏற்றத்தில் என்னை முந்திப்போய், மேலே நின்று "என்ன தம்பி, விடை வந்துச்சா?" என்று கேட்பார். நல்ல மனிதர். இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே நண்பர்.

வழியில் இன்னொருவரும் உண்டு. தண்ணீர்க் குழாயைக் கவனிக்கிற பைப்காரர். நீலச் சட்டை, நீலக் கால்சட்டை, இடுப்பில் குறடு. விடிவதற்கு முன்பே குழாய் ஓரமாக நடந்து வருவார். எங்களைப் பார்த்தால் தினமும் ஒரே கேள்வி: "யாரு துரத்துறா?" வாத்தியார் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டதுபோல் சிரிக்கிறார். எனக்கு மூன்றாம் நாளே எரிச்சல் வந்துவிட்டது. பதில் சொல்வதில்லை.

மேற்பார்வையாளரோடு ஒரு சின்ன உரசல். பெட்டியை எறியவில்லை. கீழே வைத்துவிட்டு வெளியே போய்ப் பண்ணையை நான்கு சுற்று ஓடிவிட்டு வந்தேன். நீ சொன்ன மருந்துதான்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.
தம்பி


பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். அண்ணி தலைவலி போய்விட்டது, கண்ணாடி மாற்றினாள்.

நான்கு சுற்று ஓடினாய் என்று படித்ததும் அண்ணியைக் கூப்பிட்டு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். நம் அப்பாவுக்கு யாராவது அப்படிச் சொல்லித் தந்திருந்தால் நம் வீட்டுக் கதவுகள் பிழைத்திருக்கும்.

வாரத்தில் ஒரு நாள் ஏற்றப் பயிற்சி, ஒரு நாள் நீண்ட ஓட்டம், மற்ற நாள் பேசிக்கொண்டே ஓடுகிற வேகம். அதற்கு மேல் வேண்டாம். அவசரத்தில் அண்டாவில்கூடக் கை நுழையாது. வாத்தியாருக்கு என் வணக்கம், அவருடைய கால் அளவை எழுது. பைப்காரர் கேட்பதில் தப்பில்லை, எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

நேரத்துக்குச் சாப்பிடு,
அண்ணன்


பிப்ரவரி 26

அண்ணாவுக்கு,

நான் நலம். வாத்தியார் நலம் இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன், செவ்வாய்க்கிழமை காலை, இறக்கத்தில் அவர் முன்னால் போனார். இரண்டு மரங்களுக்கு நடுவில் யாரோ கம்பி கட்டியிருந்தார்கள், முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, தீக்குச்சித் தடிமனில். விளக்கு வெளிச்சத்தில் அது தெரியவே இல்லை. அவர் முழு வேகத்தில் மோதினார். எலும்பு முறிகிற சத்தத்தை நான் முதலில் கேட்டேன், அதற்கப்புறம்தான் அவர் கத்தினார். போய்ப் பார்த்தால் வலது கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே நிற்கிறது. முகம் பாறையில் அடித்து, முன்பற்கள் இரண்டு அவர் நாக்கின்மேல் கிடந்தன. அதைத் துப்பக்கூடத் தெரியாமல் என்னையே பார்த்தார். என் சட்டையால் காலைக் கட்டி, மூன்று கிலோமீட்டர் முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வழியெல்லாம் அவர் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வந்தார், மயக்கம் வராமல் இருக்க. பதினேழாம் வாய்ப்பாட்டில் நின்றுவிட்டார்.

பிழைத்துவிட்டார். இனிமேல் ஓடமாட்டார் என்று மருத்துவர் சொன்னார். காவல் நிலையத்தில் "காட்டுல எதுக்கு சார் ஓடுறீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

கம்பியை நான் அவிழ்த்தேன். அடுத்த வாரமே அதே இடத்தில் இன்னொன்று. இந்த முறை கழுத்து உயரத்தில்.

எனக்குத் தூக்கம் இல்லை. அண்ணி நலமா?
தம்பி


மார்ச் 3

தம்பி,

உன் கடிதம் வந்தது. கடையில் ஒருவருக்குக் கால் அளவெடுத்துக்கொண்டிருந்தவன், அளவுப் பலகையைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டேன். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கழுத்து உயரத்தில் கட்டியவன் மனிதனா? நாளைக்கு உன் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் கிடந்தால் அந்த நிலையத்துக்காரர்கள் வந்து ஒட்டவைப்பார்களா? அவர்கள் பிடிக்கமாட்டார்கள். நீ பிடி. எத்தனை மணிக்கு வருகிறான் என்று பார். அவன் கையில் கம்பியோடு கிடைத்தால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காதே. கம்பி கட்டின கையை முறித்துப் போடு. இனி அந்த வழியில் அவன் நடக்கவே கூடாது. ஒரு காலுக்கு ஒரு கால்.

ஏற்றத்துக்கு ஊன்றுகிற கோல் இரண்டு அனுப்புகிறேன். நுனியில் கடினமான இரும்பு முள் இருக்கிறது. ஏற்றத்துக்கும் ஆகும்.

வாத்தியாரைப் போய்ப் பார்த்துக்கொள். ஜாக்கிரதை.
அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலம்தானே. உடனே எழுத முடியவில்லை, பண்ணையில் ஆள் குறைவு.

இங்கே வெயில் ஏறிவிட்டது. காலையில் மட்டும் கொஞ்சம் குளிர். வாத்தியார் வீட்டுக்கு வந்துவிட்டார், கட்டிலில் படுத்தபடி பையன்களுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார். கம்பித் தொல்லை முடிந்துவிட்டது. இனி யாரும் கட்டமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பயிற்சி நன்றாகப் போகிறது. மார்ச் முப்பதாம் தேதி ஒன்பது கிலோமீட்டரை இதுவரை ஓடாத வேகத்தில் ஓடினேன். வலது கை மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. குளிர் அறைக் கதவில் நசுங்கிவிட்டது.

ஷூவை அனுப்பியிருக்கிறேன். அறுநூறு கிலோமீட்டர் ஓடியது. அடிப்பாகம் மாற்ற முடியுமா, பார்.

தம்பி


ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம், உன் சுகத்தை எழுது.

ஷூ வந்தது. கழுவி அனுப்பியிருக்கிறாய். பத்து வருடத்தில் உன்னிடமிருந்து எத்தனையோ ஜோடி வந்திருக்கிறது, சேறும் முள்ளும் ஒருமுறை செத்த வெட்டுக்கிளியுமாக. கழுவி வந்தது இதுதான் முதல் தடவை.

குதிகால் தேய்மானம் வழக்கம்போல. இடது ஷூ நல்ல நிலையில். வலது ஷூவின் முன்பக்கம் கிழிந்து, கட்டைவிரலுக்கு மேலே ரப்பர் பிளந்திருக்கிறது. ஓடுகிறவன் ஷூ அங்கே கிழியாது. கல் தடுக்கினால் ஒரு கீறல் விழும், இப்படிப் பத்துப் பதினைந்து அடி விழாது. அப்பாவின் ஷூவில் அந்த இடம் அப்படித்தான் இருக்கும். ஏன் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

கதவை உதைத்தாயா? மேற்பார்வையாளரோடு ஏதாவதா? கோல் இரண்டும் பத்திரமாக இருக்கின்றனவா?

அடிப்பாகம் இன்னும் மாற்றவில்லை. உன் பதில் வரட்டும். அண்ணி கேட்டதாகச் சொன்னாள்.
அண்ணன்


மே 28

அண்ணாவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கணும்.

ஷூ பாறையில் கிழிந்தது. ஒரு கோல் முறிந்துவிட்டது, ஏற்றத்தில்.

பன்னிரண்டாம் தேதி பழைய இடத்தில் மறுபடி கம்பி இருந்தது. பழைய மாதிரியே கழுத்து உயரம், பழைய மாதிரியே முடிச்சு. நான் அதை அவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஓடவில்லை. அதற்குப் பிறகும் ஓடவில்லை.

பைப்காரர் இப்போது வருவதில்லை. யாரு துரத்துறா என்று கேட்க ஆள் இல்லை. மார்ச் கடைசியில் யாரோ அவரை அந்த வழியில் அடித்துப் போட்டுவிட்டார்கள். மருத்துவமனையில் இருக்கிறார். தாடை இரண்டு இடத்தில் உடைந்து கட்டியிருக்கிறார்கள். தலையிலும் அடி, நினைவு வந்து வந்து போகிறதாம். அவர் மைத்துனருக்கும் அவருக்கும் வீட்டுச் சுவர் விஷயத்தில் தகராறாம். அந்த மைத்துனரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதமாகிறது. மைத்துனரின் பெண்டாட்டி பண்ணை வாசலில் வேலை கேட்டு நிற்கிறார்.

அந்த ஷூவுக்கு அடிப்பாகம் வேண்டாம் அண்ணா. தூக்கிப் போட்டுவிடு.

தம்பி


ஜூன் 3

தம்பி,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை.

ஷூவைத் தூக்கிப் போடவில்லை. பிரித்தேன். இருபத்தேழு வருடமாக ஷூ பிரிக்கிறவன், எங்கே எது ஒளியும் என்று எனக்குத் தெரியாதா? வெளியே எத்தனை கழுவினாலும் உள்ளே இருக்கிற பஞ்சு குடித்தது குடித்ததுதான். வலது ஷூவில் ரப்பருக்கும் பஞ்சுக்கும் நடுவே பழுப்பாகக் காய்ந்திருக்கிறது. சேறு அப்படிக் காயாது. பற்களின் இடுக்கில் ஒரு விரல் நீளத்துக்கு நீல நூல். நீயேதான் ஜனவரியில் எழுதினாய், நீலச் சட்டை, நீலக் கால்சட்டை என்று.

ஏப்ரலில் 'இனி யாரும் கட்டமாட்டார்கள்' என்றாய். அவர் மருத்துவமனையில் கிடக்கும்போது மே மாதம் கம்பி வந்தது. அப்படியென்றால் கட்டினது அவர் இல்லை. உனக்கு அது தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்துவிட்டாய்.

இந்த ஷூவை நீ எரித்திருக்கலாம். ஆற்றில் வீசியிருக்கலாம். எனக்கு அனுப்பினாய். உன் வாயால் சொல்ல முடியாததை நான் படித்துக்கொள்ளட்டும் என்றுதானே அனுப்பினாய்? படித்துவிட்டேன் தம்பி. படித்த அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

ஒரு குற்றமும் செய்யாத ஒருவன் உனக்காக உள்ளே இருக்கிறான். உப்பைத் தின்றவன்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். பத்து நாள் தருகிறேன். அதற்குள் நீயாக நிலையத்துக்குப் போ. போகாவிட்டால் இந்த ஷூவை எடுத்துக்கொண்டு நான் வருவேன். உன்னைக் காட்டிக்கொடுப்பேன், அழுதுகொண்டே காட்டிக்கொடுப்பேன்.

போகும்போது என் மார்ச் மூன்றாம் தேதிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போ. கையை முறி என்று எழுதினது நான். கோலை அனுப்பினது நான். எனக்கும் அதில் பங்கு உண்டு, அதை நான் ஒளிக்கப் போவதில்லை.

அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உண்மையாகவே, இன்றைக்குக் கொஞ்சம் நலம்.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். மார்ச் முப்பது, விடிவதற்கு முன். வளைவில் திரும்பினேன். அவர் மரத்தடியில் குந்தியிருந்தார். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் குறடு. என் விளக்கு அவர் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாயைத் திறந்தார். யாரு துரத்துறா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ஓடி வந்த வேகத்திலேயே அந்த வாயில் உதைத்தேன். பின்னால் சாய்ந்தார். கோலால் அடித்தேன், தலை, தோள், எங்கே என்று பார்க்கவில்லை. கோல் முறிந்ததும் கையால் குத்தினேன். கம்பி பிடித்த கையை மடக்கி முழங்காலில் வைத்து அழுத்தினேன், முறிந்தது. அப்புறம் வலது கணுக்காலை மிதித்தேன். ஒரு தடவை இல்லை. காய்ந்த சுள்ளிபோல் சத்தம் வந்தது, அது நின்ற பிறகும் மிதித்தேன். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச முடியாமல் செய்திருந்தேன்.

பிறகு மிச்சம் ஒன்பது கிலோமீட்டரையும் ஓடி முடித்தேன். உடம்பு காற்றாக இருந்தது அண்ணா. சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே வழியில் போனேன். இரண்டு மரத்திலும் கம்பி இறுகக் கட்டியபடி இருந்தது, நடுவில் மட்டும் வெட்டியிருந்தது. கட்டுகிறவன் நடுவில் வெட்டமாட்டான். அவர் வெட்டிவிட வந்தவர். நான் வருகிற நேரம் அவருக்குத் தெரியும், அதற்கு முன்னால் வந்திருக்கிறார். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஷூவைத்தான் கழுவினேன், கம்பித் தொல்லை முடிந்துவிட்டது என்று உனக்குப் பொய் எழுதினேன்.

நாளைக் காலை நிலையத்துக்குப் போகிறேன். வாத்தியாரிடம் இன்று சொல்லிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீ சொன்ன மார்ச் மாதக் கடிதம் என்னிடம் இல்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதியே எரித்துவிட்டேன். உதைத்த கால் என்னுடையது. நீ எனக்கு ஷூவைப் பற்றி மட்டும்தான் எழுதினாய், கேட்டால் அப்படித்தான் சொல்வேன். நீயும் அப்படியே சொல். அண்ணிக்கு யார் இருக்கிறார்கள்?

ஷூவை மட்டும் அனுப்பி வை.
தம்பி


ஜூலை 30

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் அண்ணியும் உடம்புக்குச் சுகம். உனக்கு அங்கே படுக்க இடமும் குடிக்கத் தண்ணீரும் ஒழுங்காகக் கிடைக்கின்றனவா?

ஷூவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். நீ அப்படி ஒரு கடிதமே இல்லை என்று சாதித்தாயாம். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பிக்காகப் பொய் சொல்றீங்க, வீட்டுக்குப் போங்க" என்றார். வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளில் அந்த ஒன்றைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

மைத்துனரை விட்டுவிட்டார்கள். கம்பி கட்டியவன் இன்னும் பிடிபடவில்லை.

போன வாரம் பைப்காரர் வீட்டுக்குப் போனேன். அண்ணி வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. ஒற்றை அறை. ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடைக் கட்டைப் பிரித்துவிட்டார்கள், முகம் ஒரு பக்கம் உள்ளே போயிருக்கிறது. யாரென்று சொன்னேன். அவர் மனைவி தண்ணீர்ச் செம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் தரையில் உட்கார்ந்து அளவுப் பலகையை வைத்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ரொம்ப நேரம் கழித்துக் காலை எடுத்து வைத்தார். இடது எட்டு. வலது கணுக்கால் வீக்கம் வற்றவே இல்லை, பாதம் உள்பக்கம் திரும்பி நிற்கிறது. எந்த அச்சிலும் அடங்காது, கையால்தான் செய்ய வேண்டும்.

அவர் பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. "வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சுது. கம்பியை வெட்டிட்டேன், பயப்படாம போங்கன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்" என்றார்.

எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் கொடுத்திருக்கவும் மாட்டார். அளவை எழுதிக்கொண்டு எழுந்தேன். வாசலுக்கு வந்ததும் கூப்பிட்டார்.

"தினமும் கேப்பேன், உங்க தம்பி பதிலே சொன்னதில்ல. நீங்களாவது சொல்லுங்க. அவரை யாரு துரத்துனா?"

நான்தான் என்று சொன்னேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் சொன்னதை நம்பிய முதல் ஆள் அவர்தான்.

உன்னிடமிருந்து லேஸை வாங்கி வைத்துக்கொண்டார்களாமே, அங்கே விதி அப்படியாம். லேஸ் இல்லாத செருப்பு ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். முற்றத்தில் நடக்க விட்டால் நட. தேய்ந்ததும் எனக்கு அனுப்பு, கழுவாதே.

அண்ணன்